காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டு: போனிலா, அட்டையிலா?

மொட்டைமாடி டியூஷன், காசிமேடு

எல்லாருக்கும் வணக்கம். நான் பகலில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். காசு வாங்குவதில்லை. அதனால் யார் எப்போது வருவார்கள், எப்போது மட்டம் போடுவார்கள் என்று சொல்லவும் முடியாது. நாலாவதிலிருந்து ஆறாவது வரை படிக்கிறவர்கள்தான் அதிகம். அப்பாக்கள் விசைப்படகில் போகிறவர்கள், அம்மாக்கள் மீன் விற்கிறவர்கள் அல்லது இறால் உரிக்கப் போகிறவர்கள்.

கணக்கைச் சமாளித்துவிடுகிறேன். இங்கிலீஷ்தான் இழுக்கிறது. எழுத்தெல்லாம் தெரியும். பாடத்தில் வரும் வார்த்தைக்கு அர்த்தம் எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். வாயில்தான் வராது. ஐந்தாவது படிக்கிற ஒருத்தி "ஹெவி" என்பதற்கு நோட்டில் சரியாக அர்த்தம் எழுதியிருந்தாள். அன்றைக்கே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். "இது எப்படி இருக்கு, இங்கிலீஷில் சொல்லு" என்றேன். முழித்தாள். பக்கத்தில் இருந்த பையன் "வாட்டர், மிஸ்" என்று எடுத்துக்கொடுத்தான்.

என் போனில் ஒரு வார்த்தை ஆப் போட்டுக் கொடுத்தேன். நாலு படம் வரும், கீழே ஒரு வார்த்தை. சரியான படத்தைத் தொட வேண்டும். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வார்த்தையைப் படிப்பதையே விட்டுவிட்டார்கள். தப்பான படத்தைத் தொட்டால் ஒரு சத்தம் வந்து மறுபடி வாய்ப்பு தருகிறது, நாலையும் படபடவென்று தட்டினால் எப்படியும் பச்சை வந்துவிடும். ஸ்கோர் எங்கேயோ போகிறது, வார்த்தை ஒன்றும் ஏறவில்லை. போதாததற்கு அதில் வருகிற படங்களெல்லாம் இக்லூ, ஸ்னோமேன், ஸ்லெட்ஜ். ஐஸ் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு மெஷினில் உடைத்து மீன் பெட்டியில் கொட்டுகிற ஐஸ்தான்.

அதனால் நானே சின்னதாக ஒரு விளையாட்டு செய்யலாம் என்று பார்க்கிறேன். எக்செல் நன்றாக வரும், கோடிங் தெரியாது. கட்டங்களை ஒட்டியே கோடிங் செய்கிற ஸ்க்ராட்ச் என்ற இலவச மென்பொருள் சுலபம் என்று ஒருவர் சொன்னார். இருப்பது என் போன் ஒன்றுதான், தலைக்கு ஒன்று கிடையாது. எந்த வார்த்தைகளை எடுப்பது, எத்தனை எடுப்பது, விளையாட்டின் உள்ளே என்ன நடக்க வேண்டும்? ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஓடாது. பள்ளிக்கூட லீவும் அதற்குள்ளேதான். வீட்டில் எல்லாருக்கும் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், பிள்ளைகள் நாள் முழுக்க மாடியில்தான் கிடப்பார்கள். அதற்குள் ஏதாவது தயார் செய்துவிட வேண்டும்.

ஓட்டேரி ஓரம்

ப்ளே ஸ்டோரில் இதற்கு ஆயிரம் இருக்கிறது. எதற்குப் புதிதாக ஒன்று? கொஞ்சம் நல்ல ஆப்பாகப் பார்த்து இறக்கிக் கொடுங்கள், முடிந்தது வேலை.

கொருக்குப்பேட்டை வாத்தியார்

ஓட்டேரிக்காரரே, ஆயிரம் இருக்கிறது, உண்மைதான். அதில் பெரும்பாலானது டீச்சர் சொன்ன அதே நாலு படம்தான், வண்ணம்தான் வேறு.

டீச்சர், எந்த விளையாட்டை எடுத்தாலும் ஒரே கேள்வி கேட்டுப் பாருங்கள். வார்த்தை தெரியாமல் இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது விரலுக்குப் பயிற்சி. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை அடிக்காமல் காய் போட முடியாது இல்லையா, அந்த இடத்தில் வார்த்தை இருக்க வேண்டும். வார்த்தையைச் சொன்னால்தான் ஆட்டம் நகர வேண்டும்.

அடுத்து, பார்த்துக் கண்டுபிடிப்பது வேறு, ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்வது வேறு. ரோடிகர், கார்ப்பிக் என்று இரண்டு அமெரிக்க உளவியல்காரர்கள் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளில் ஒரு பிரிவை ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். இன்னொரு பிரிவைப் படித்ததை நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ், எழுதிப் பார்த்தவர்களிடம்தான் அதிகம் நின்றது. உங்கள் ஆப் பார்த்துத் தொடுகிற வேலையோடு நின்றுவிடுகிறது. குடத்தைத் தூக்கி வந்த பிள்ளைக்கு நீங்கள் கேட்டது வாயால் எடுத்துச் சொல்கிற வேலை. அதற்கு அவளுக்குப் பழக்கமே இல்லை. அவளிடம் குறை ஒன்றும் இல்லை.

வார்த்தைக்கு வருவோம். எல்லாரும் செய்கிற காரியம்: முதல் வாரம் பழங்கள், இரண்டாம் வாரம் நிறங்கள், மூன்றாம் வாரம் உடல் உறுப்புகள். சார்ட் விற்கிறவர்களுக்கு இது வசதி. பிள்ளைகளுக்கு இல்லை. ஒரே இனத்து வார்த்தைகளை ஒரே நாளில் புதிதாகக் கொடுத்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். டிங்கம் என்பவர் 1993-இல் இதைச் சோதித்துக் காட்டினார், வேரிங் 1997-இல் ஜப்பானில் அதையே திரும்பச் செய்து பார்த்தார், அதே முடிவு. ஆனால் ஒரே காட்சியில் சேர்ந்து வருகிற வார்த்தைகள் என்றால் சிக்கல் இல்லை. துறைமுகக் காட்சி ஒன்றை எடுங்கள். "போட், நெட், வெட், ஹெவி, புல் (இழு), ரோப்." பெயர் இருக்கிறது, குணம் இருக்கிறது, செயல் இருக்கிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டி வாக்கியமாகும். ஆறு பழத்தை வைத்து என்ன வாக்கியம் செய்வீர்கள்?

இன்னொன்று. உங்கள் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே எவ்வளவு இங்கிலீஷ் இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். டீசல், இன்ஜின், லோடு, ரேட், டோக்கன், வெயிட், பாக்ஸ், ஸ்டாக், பேலன்ஸ். இதெல்லாம் கையில் இருக்கிற முதல். புதிதாகத் தருகிற வார்த்தைக்கு இவை கூட நிற்கும். பட்டியல் வேண்டும் என்றால் டால்ச் என்பவர் 1936-இல் வெளியிட்ட 220 வார்த்தைப் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். அதில் பெயர்ச்சொல்லே கிடையாது, வாக்கியத்தைக் கட்டுகிற சின்ன வார்த்தைகள்தான். நான் கீழே சொல்கிற விளையாட்டின் பட அட்டைக்கு அது உதவாது. ஆனால் எந்தச் சின்ன வார்த்தை அடிக்கடி வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் புது அட்டை வேண்டாம். பழையது திரும்பி வருவதுதான் முக்கியம்.

விளையாட்டுக்கு நான் ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏலம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. ஒரு பிள்ளை ஏலக்காரர். அவர் ஒரு பட அட்டையை எடுத்துக் காட்டி அதன் பெயரை இங்கிலீஷில் சொல்லி ஏலத்தைத் திறக்க வேண்டும். கேட்பவர்கள் காசுக்கு ஏலம் கேட்கக் கூடாது. அந்த வார்த்தையை வைத்து எத்தனை வார்த்தையில் பேசுவேன் என்று கேட்க வேண்டும். "டூ" என்று ஒருவன் கேட்டால் அவன் "வெட் நெட்" என்று சொன்னால் போதும். இன்னொருத்தி "ஃபோர்" என்பாள், "தி நெட் இஸ் வெட்". "சிக்ஸ்" என்று ஏற்றிவிட்டவள் "மை ஃபாதர் புல்ஸ் தி வெட் நெட்" என்று முடிக்க வேண்டும். மூணு தரம் சொன்னதும் ஏலம் முடிந்தது. சொல்லிவிட்டால் அத்தனை கொட்டை வரவு. திணறிவிட்டால் அத்தனை கொட்டை அபராதம், அட்டை அடுத்துக் கேட்டவருக்குப் போகும், அவர் கேட்ட எண்ணிக்கைக்கே.

ஜெயித்தவர்தான் அடுத்த ஏலக்காரர். ஏலக்காரர் ஏலம் கேட்க முடியாது. இந்த விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லா அட்டையையும் வாரிக்கொண்டு போய்விடும்.

வியாசர்பாடி கோடர்

வாத்தியார் சொன்ன ஏலம் நன்றாக இருக்கிறது. நானும் கிளம்பும்போது ஸ்க்ராட்ச் பற்றி எழுதத்தான் வந்தேன், இதைப் படித்ததும் போனுக்குப் பெரிய வேலை இல்லை என்று தோன்றுகிறது. ஆனாலும் ஒரே ஒரு வேலை கொடுக்கலாம், அக்கா. உச்சரிப்பு. ஏலக்காரப் பிள்ளை வார்த்தையைச் சொன்ன பிறகு போனைத் தட்டினால் சரியான உச்சரிப்பு வர வேண்டும். முன்னால் வரக் கூடாது, வந்தால் ஞாபகத்திலிருந்து எடுக்கிற வேலையே போய்விடும்.

ஸ்க்ராட்ச்சில் இதை ஒரு சாயங்காலத்தில் செய்யலாம். ஒரு ஸ்ப்ரைட் (திரையில் வருகிற உருவம்), அதற்கு வார்த்தைக்கு ஒரு காஸ்ட்யூம் (படம்), வார்த்தைக்கு ஒரு சவுண்ட். அதில் எழுத்தை வாசித்துக் காட்டுகிற டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கும், அதை எடுக்காதீர்கள், இன்டர்நெட் இல்லாமல் ஓடாது. சவுண்ட் பகுதியிலேயே மைக் இருக்கிறது, உங்கள் குரலில் பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் உங்கள் குரல்தான் பழக்கம். போன் திரையில் ஸ்க்ராட்ச் எடிட்டரைத் திறந்து வேலை செய்வது கண்ணைக் கெடுக்கும். கம்பெனி கம்ப்யூட்டரில் வேலை முடிந்த பிறகு கேட்டுப் பாருங்கள். முடித்ததை டர்போவார்ப் பேக்கேஜர் என்ற இலவசத் தளத்தில் கொடுத்தால் ஒற்றை எச்.டி.எம்.எல் ஃபைலாகத் தந்துவிடும். அதைப் போனில் போட்டு வைத்தால் மாடியில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும்.

ஸ்கோர், நாணயம், லீடர்போர்டு எதுவும் போடாதீர்கள். புளியங்கொட்டை போதும். கையில் எண்ணிப் பார்க்கிற சுகம் ஸ்கிரீனில் கிடையாது.

யாருக்கு எந்த வார்த்தை தெரியும் என்ற கணக்கையும் போனில் வைக்க வேண்டாம். பிரவுசரில் சேமித்தது, ஹிஸ்டரியோடு சைட் டேட்டாவையும் யாராவது அழித்தால் கூடவே போய்விடும், இருப்பது ஒரே போன் என்று நீங்களே சொன்னீர்கள், அதை எத்தனை பேர் நோண்டுவார்களோ. லைட்னர் பெட்டி என்று ஒன்று உண்டு, செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன்காரர் 1972-இல் எழுதியது. தெரிந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும், அந்த அறையை அடிக்கடி திறக்க மாட்டோம். தெரியாதது முதல் அறைக்கே திரும்பி வரும், அது தினமும் வெளியே வரும். அது ஒரு ஆளுக்காக யோசித்த முறை. உங்களுக்குக் கூட்டம் இருக்கிறது, ஒருத்திக்குத் தெரிந்தது இன்னொருத்தனுக்குத் தெரியாது. அதனால் அட்டையின் பின்பக்கம் ஆளுக்கு ஒரு எழுத்துக் குறி போட்டு வையுங்கள். சரியாகச் சொன்னவரின் எழுத்தைச் சுற்றி வட்டம். எல்லா எழுத்துக்கும் வட்டம் விழுந்த அட்டை இரண்டாவது பெட்டிக்கு. வட்டம் விழாதவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்த அட்டையை வேண்டுமென்றே மேலே வையுங்கள்.

எர்ணாவூர் அக்கா

என் இரண்டாவது பெண் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். இந்த ஏலத்தில் அவள் ராத்திரி வரைக்கும் ஒரு தரம்கூடக் கேட்க மாட்டாள், பத்துக் கொட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டு வருவாள். அவளைப் போல உங்கள் மாடியிலும் இரண்டு மூன்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் விற்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெட்டி எடுத்துப் பங்கு பிரித்துக்கொள்வார்கள் இல்லையா, அப்படி ஜோடி போடுங்களேன். ஒருத்தி ஏலம் கேட்க வேண்டும், மற்றவள் வாக்கியம் சொல்ல வேண்டும். அடுத்த தரம் மாற்றி. கேட்கிறவள் பேராசைப்பட்டு "டென்" என்று ஏற்றினால் சொல்லப்போகிறவள் தொடையைக் கிள்ளுவாள், அதுவே ஒரு கட்டுப்பாடு. சொல்வதற்கு முன் இரண்டு பேரும் காதோடு காதாகப் பேசிக்கொள்ளலாம் என்று விடுங்கள். என் பெண் காதில் நன்றாகப் பேசுவாள்.

மொட்டைமாடி டியூஷன், காசிமேடு

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போட்டுப் பார்த்துவிட்டோம். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, படத்தைப் பிள்ளைகளையே வரைய வைத்தேன். "புல்" என்பதற்கு ஒருவன் வரைந்த படத்தில் கயிற்றை இழுக்கிறவர் பின்னால் சாய்ந்து கிட்டத்தட்ட படுத்தேவிட்டார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஜோடி யோசனை பிரமாதம், எர்ணாவூர் அக்கா. ஏலக்காரர் வேலைக்குத்தான் அடிதடி. ஒருத்தி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு "த்ரீ, த்ரீ, த்ரீ, ஃபோர் யாரு, ஃபோர் யாரு" என்று கத்தியதைக் கேட்டுக் கீழ் வீட்டுப் பாட்டி மேலே ஏறி வந்து என்ன மீன் என்று கேட்டார். எண்கள் பன்னிரண்டு வரை எல்லாருக்கும் வந்துவிட்டது, அதற்காக நான் ஒன்றுமே செய்யவில்லை.

இப்போது சிக்கல்கள். முதலாவது, பத்து நிமிஷத்தில் அழுகுணி ஆட்டம் ஆரம்பம். "எய்ட்" என்று கேட்டுவிட்டு "வெரி வெரி வெரி வெரி வெரி வெரி வெட் நெட்" என்றான் ஒருவன். எண்ணிப் பார்த்தால் எட்டுதான். எதிர்ஜோடி ஒத்துக்கொள்ளவில்லை, பெரிய பஞ்சாயத்து. ஒரே வார்த்தை எத்தனை தரம் வந்தாலும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொல்லி முடித்தேன். இரண்டாவது, எல்லாரும் "திஸ் இஸ் எ" என்று ஆரம்பிக்கிறார்கள். மூன்று வார்த்தை இலவசமாகக் கிடைத்துவிடுகிறதே! மூன்றாவது, எவ்வளவு தப்பை விடுவது? "மை ஃபாதர் புல் நெட்" என்றால் கொடுப்பதா, மறுப்பதா? ஒவ்வொன்றுக்கும் நிறுத்தித் திருத்தினால் ஏலத்தின் சூடு போய்விடுகிறது. நாலாவது, இடுப்பில் தம்பி, தங்கையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். அந்தக் குட்டிகள் கொட்டையை வாயில் போடப் பார்க்கிறார்கள்.

கொருக்குப்பேட்டை வாத்தியார்

"வெரி" தீர்ப்பு சரியான தீர்ப்பு. ஆனால் அந்தப் பையனை மெச்சிக்கொள்ளுங்கள், விதியில் ஓட்டை கண்டுபிடிக்கிறவன் விதியைப் புரிந்துகொண்டவன்.

"திஸ் இஸ் எ" முதல் வாரம் இருக்கட்டும். வாய் திறக்காத பிள்ளைக்கு அதுதான் கைப்பிடி. இரண்டாம் வாரத்திலிருந்து அதற்குத் தடைக்காலம் அறிவித்துவிடுங்கள். பலகையில் எழுதிப் போடுங்கள், இந்த வாரம் "திஸ் இஸ்" கடலுக்குப் போகக் கூடாது என்று. உங்கள் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும், உடனே புரியும். அடுத்த வாரம் வேறு ஒன்றுக்குத் தடை. என்ன தடை என்பதைப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும்.

தப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் தாராளம். அட்டை வார்த்தை சரியான பொருளில் வந்திருக்கிறதா, சொன்னது எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா, அவ்வளவுதான். கொட்டையைக் கொடுங்கள். கொடுக்கும்போதே நீங்கள் "யெஸ், யுவர் ஃபாதர் புல்ஸ் தி நெட்" என்று சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். திருத்தினேன் என்று சொல்லக்கூட வேண்டாம். இலக்கணத்துக்கு வேறு ஒரு நாள் இருக்கிறது. சில வாத்தியார்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

எதிர்ஜோடி சந்தேகப்பட்டால் "சேலஞ்ச்" என்று கை தூக்கலாம். ஆனால் தூக்கினவர்கள் சரியான வாக்கியத்தைத் தாங்களே சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் இரண்டு கொட்டை அபராதம். சும்மா வம்புக்குக் கை தூக்குவது நின்றுவிடும்.

குட்டிகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்ற அட்டையை வாங்கிப் பெட்டியில் போடுகிற வேலை அவர்களுக்கு. போடும்போது அதன் பெயரைச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். கொட்டைக்குப் பதில் பெரிய டப்பா மூடி வையுங்கள், வாய்க்குள் போகாததாக.

மொட்டைமாடி டியூஷன், காசிமேடு

தடைக்காலம் யோசனையைச் சொன்னதுமே ஒருவன் "மிஸ், அப்போ நிவாரணம் உண்டா?" என்று கேட்டான். தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை கொடுப்பது அவனுக்குத் தெரியும். சரி, வாரம் தொடங்கும்போது ஜோடிக்கு ஒரு மூடி நிவாரணம் என்று ஒத்துக்கொண்டேன்.

"ஹெவி" அட்டையை அந்தக் குடத்துப் பெண்ணும் அவள் ஜோடியும் ஏழுக்கு எடுத்தார்கள். "மை மதர் ஹேஸ் எ ஹெவி ஃபிஷ் பாஸ்கெட்." எண்ணிப் பார்த்தேன், ஏழு.

கடைசியாக ஒன்று. காலண்டர் அட்டை தாங்கவில்லை, கை ஈரம் பட்டு முனையெல்லாம் ஊறிப்போகிறது. மலிவாக நல்ல அட்டை எங்கே கிடைக்கும்? ஒவ்வொன்றையும் லேமினேட் செய்தால் கட்டுப்படியாகாது.

வியாசர்பாடி கோடர்

பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள், அக்கா. கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக இருக்கும். பழைய மாடல் பத்திரிகை அட்டை, வெட்டி மீந்த துண்டு எல்லாம் கிலோ கணக்கில் தருவார்களா என்று இரண்டு மூன்று கடை ஏறி இறங்கிக் கேளுங்கள், பேரம் பேசலாம். வழுவழு என்று இருக்கிறதை எடுக்காதீர்கள், அதில் ஸ்கெட்ச் நிற்காது. வரைந்து முடித்த பிறகு படத்தின் மேல் அகலமான செல்லோ டேப்பை ஒட்டிவிட்டால் லேமினேஷன் தேவையில்லை. பின்பக்கம் ஒட்ட வேண்டாம், வட்டம் போட வேண்டும் இல்லையா. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலும் ஷட்டர்தான், சனிக்கிழமையே போய்விட்டு வந்துவிடுங்கள்.